பெயருக்கு விட்ட இடம்

1

மகனின் பிறந்தநாள் போன கிழமை வந்து போனது. ஒவ்வொரு வருடமும் அன்று பாக்கியம் பாயாசம் வைப்பாள். பாக்கியம் என் மனைவி. மகன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. ஊரில் போர் முடிந்த வருடத்திலிருந்தே தெரியாது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள் உண்டு, ஆகவே பாயாசமும் உண்டு என்பது அவளுடைய பிடிவாதம். இந்த வருடம் சவ்வரிசி வாங்கட்டுமோ என்று பாரிசில் லாச்சப்பலில் கடை வாசலில் நின்று போனில் கேட்டேன். "வேண்டாம். வெண்டிக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

அந்த 'வேண்டாம்' எப்படி வந்தது என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து மெதுவாகத்தான் வரும், அதுவும் சுற்றிச் சுற்றித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாச்சப்பலில் எங்கள் கடைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய மரக்கதவு. தள்ளிக்கொண்டு போனால் முற்றம், முற்றத்தின் கடைசியில் ஒரு மண்டபம். முந்தி ஏதோ தொழிற்சாலையாக இருந்ததாம். கூரையில் இன்னும் கொழுக்கிகள் தொங்குகின்றன. உணவகங்களில் கோப்பை கழுவிக் கழுவி ஓய்வுக்கு வந்த பிறகு அந்த மண்டபத்தின் திறப்பு என்னிடம் வந்தது. கதவைத் திறக்க வேண்டும், கதிரை போட வேண்டும், முடிந்ததும் பூட்ட வேண்டும். சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. ஒரு கையால் ஆனா எழுதிக்கொண்டு பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டியம். வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பாட்டுக்குழு.

பாட்டுக்குழு என்றதும் மாதா கோயில்காரர் என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் அவர்களுடைய பெரியவரை வாசலில் கண்டு "பொன் மெஸ், மிசியே" என்றேன். பூசை நல்லபடி நடக்கட்டும் என்று அர்த்தம். அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"பூசையோ? நாங்கள் யூதர், மிசியே. நீங்கள்?"

"இந்து."

"அப்ப ரெண்டு பேருமே பூசைக்குப் பிந்திட்டம். கதவைத் திறவுங்கோ, குளிருது."

அவர் பெயர் அல்பேர். அல்ஜீரியாவில் பிறந்து, சின்னப் பையனாகக் கப்பலில் வந்தவர். பாரிசுக்கு வெளியே சார்செலில் எங்கள் மாடிக் கட்டிடத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில்தான் இருக்கிறார். அதுவரை ஒருவரை ஒருவர் கண்டதில்லை. யூதர்களின் வழிபாட்டில் பாடுகிற பழைய பாட்டுகளை மட்டும் பாடுகிற குழு அது. முப்பது பேருக்குக் கிட்ட இருப்பார்கள். அல்பேர் தனியாக எடுத்துப் பாடுவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முன்னால் நின்று கையசைத்து நடத்துகிற பெண் நவோமி, இளவயதுக்காரி.

அவர்கள் வாசலில் பலகை ஒன்றும் வைப்பதில்லை. பாட்டு நடக்கும்போது கதவை உள்ளே பூட்டிவிட வேண்டும். மணி அடித்தால் நான் கண்ணாடியால் பார்த்து, தெரிந்த முகமாக இருந்தால் மட்டும் திறக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கும்பிட்ட காலம் எங்களுக்கும் இருந்தது.

2

அந்தக் கதவடியில்தான் என் கதிரை. பாட்டு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காத பாட்டில் ஒரு சுகம் இருக்கிறது, நீங்கள் அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

மாரிக் குளிர் தொடங்கியபோது புதிதாக ஒரு பாட்டு எடுத்தார்கள். அல்பேர் மேலே பாடப் பாட, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அடியில் முனகுவார்கள். அந்த முனகல் தரைப் பலகை வழியாக வந்து என் கதிரைக் காலில் ஏறும். பிறகு ஓரிடத்தில் எல்லாம் நின்றுவிடும். யாரும் நிமிர மாட்டார்கள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சற்றுப் பொறுத்து ஒன்றும் நடக்காதது போலப் பாட்டு தொடரும்.

யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கிழமையும் அதே இடத்தில் அதே குழி. பாட்டுக்கு நடுவில் யாரோ மண்வெட்டியால் வெட்டி எடுத்த மாதிரி. அந்த நேரம் மண்டபம் வெறுமையாக இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு மாறாக இருந்தது. நெருக்கமாக இருந்தது. கதிரை போட்டவன் நான்; எத்தனை பேர் என்று தெரியும். ஆனாலும் அந்தக் குழி வரும்போதெல்லாம் எழும்பிப் போய் இன்னும் கொஞ்சக் கதிரை போட வேண்டும் போல கால் உன்னும்.

ஒருநாள் டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அல்பேரிடம் கேட்டேன்.

"அதிலை ஒரு பேர் வரோணும்" என்றார். "அது செத்தவைக்குப் பாடுறது. இன்னாற்றை மகன் இன்னார் எண்டு, தேப்பன்ரை பேரோடை சேத்துச் சொல்லுவம்."

"அப்ப ஏன் சொல்லாமல் விடுறியள்?"

"இது பழக்கம் பாக்கிறதுதானே. சும்மா ஒரு பேரைச் சொல்லி, அது உயிரோடை இருக்கிற ஆற்றையும் பேராய்ப் போச்செண்டால்? வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறது நல்லது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கடை ஆக்களிலை கனபேருக்குச் செத்த நாள் தெரியாது. பெரிய சண்டைக் காலத்திலை ஜெர்மன்காரர் ரயிலிலை ஏத்தினது தெரியும். அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. அப்பிடியான ஆக்களுக்கெண்டு மாரியிலை ஒரு நாள் வைச்சிருக்கிறம். அண்டைக்குப் பாடத்தான் இது."

வெளியே வந்த ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தேன். சென் தெனி. பிறகு ஸ்தேன்.

நான்தான் முதலில் இங்கே வந்தேன். இங்கே இருக்க விசா கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்து, ஒவ்வொரு கடதாசியாகத் திருப்பி அனுப்பி, கடைசியில் அனுமதி வந்தபோது மகனுக்குப் பிள்ளையாகக் கூப்பிடுகிற வயது கடந்துவிட்டது. பாக்கியமும் சின்ன மகள் ஷாமினியும் வந்தார்கள். அவன் வன்னியில் பாக்கியத்தின் தங்கையோடு நின்றான். அங்கே கடைசிச் சண்டை முடிந்தபோது, காயத்தோடு மரத்தடியில் கிடந்ததைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை.

பிரிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில் விசாக் கார்ட் புதுப்பிக்கப் போனபோது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். மூத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள் அந்தப் பெண். தெரியாது என்றேன். தெரியாது என்று பதிய இடமில்லை மிசியே, என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பாக்கியம் எனக்குப் பின்னால் நின்று "இருக்கிறான் எண்டு போடச் சொல்லுங்கோ" என்றாள். அப்படியே போட்டார்கள்.

மே மாதத்தில் இங்கே எங்கள் ஆட்கள் கூடி, செத்தவர்களுக்கு விளக்கு ஏற்றுவார்கள். பாக்கியம் ஒவ்வொரு வருடமும் போவாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வருவாள். ஏற்ற மாட்டாள்.

3

பிறகு ஒரு வியாழக்கிழமை அல்பேர் வரவில்லை. இருமல். கட்டையான ஒரு மனிதர் அவருடைய பங்கைப் பாடினார். நிகழ்ச்சி நெருங்குகிறது என்று நவோமிக்கு ஒரே அந்தரம், பதற்றம். அந்தக் குழி முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாகப் பாட்டுக்குள்ளே வர வேண்டும். ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார்.

"பேரே இல்லாமல் எப்பிடி அளவு பிடிக்கிறது?" என்று அவள் கையை விரித்தாள்.

கட்டை மனிதர் ஒரு பெயரைச் சொல்லப் போக, பின் வரிசைக் கிழவி ஒருத்தி "ஐயோ, அது என்ரை மச்சான்! ஆள் நேற்றும் வந்து சாப்பிட்டவர்" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு பெயர் வந்தது. அது யாருடைய பேரனுடையதோ. அப்போது நவோமி என் பக்கம் திரும்பினாள்.

"மிசியே நடா, உங்கடை நாட்டுப் பேர் ஒண்டு தாங்கோ. எங்கடை ஆக்களுக்கு இருக்காத பேர். கொஞ்சம் நீளமாய்."

தூரத்துப் பெயர் என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறாள். எத்தனையோ பெயர் இருந்தன. கடைக்காரர் பெயரைச் சொல்லியிருக்கலாம், சாமி பெயரைச் சொல்லியிருக்கலாம். கேட்டவுடன் வாயில் இருந்தது ஒன்றுதான்.

"சிவநேசன்."

"தேப்பன்ரை பேர்?"

"நடராசா."

அவர்களுக்கு நான் வெறும் நடா. என் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது.

பாடினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரத்துச் சொல்லிக் கனகாலம். பாக்கியம் 'தம்பி' என்பாள், நான் 'அவன்' என்பேன். இங்கே அந்தக் கட்டை மனிதர் தலையை நிமிர்த்தி, நெஞ்சிலிருந்து அதை எடுத்து, கூரைக் கொழுக்கிகள் வரைக்கும் எறிந்தார். சிவநேசன், நடராசாவின் மகன். மற்றவர்கள் பிந்தினார்கள். மறுபடி. நவோமி கையைத் தட்டினாள். மறுபடி. ஒவ்வொரு முறையும் பெயர் இன்னும் நன்றாக அவர்கள் வாயில் படிந்தது. எழும்பி நிறுத்தச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. கேட்க ஆசையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கடைசி முறை எல்லோரும் சரியாக ஒன்றாக உள்ளே வந்தார்கள். அந்த நேரம் முற்றத்து விளக்கு எரிந்தது. பாரிசில் முற்றத்து விளக்குகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஆள் வந்து பொத்தானை அழுத்தினால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். அழுத்தாமல் எரியாது. கண்ணாடியால் பார்த்தேன். கதவைத் திறந்தும் பார்த்தேன். ஈரமான கற்கள், குப்பைத் தொட்டிகள், யாரும் இல்லை. விளக்கு தன் நேரம் முடியும்வரை எரிந்துவிட்டு அணைந்தது.

4

சார்செலில் எங்கள் மாடியில் லிப்ட் திறந்தபோது, வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பாக்கியம் கையில் அகப்பையோடு வாசலில் நின்றாள். உள்ளே கறி அடிப்பிடித்து மணந்தது.

"ஆர் வந்தது?" என்றேன்.

"ஒருத்தரும் வரேல்லை." அவள் என்னைத் தாண்டி லிப்டுக்குள்ளே பார்த்தாள். "தம்பி ஓய் எண்டவன்."

"என்ன?"

"ஓய் எண்டவன். தூரத்திலை நிக்கேக்கை கூப்பிட்டால் அப்பிடித்தானே சொல்லுவான். நான் கூப்பிடேல்லை. ஆரோ கூப்பிட்டிருக்கினம், அதுக்குச் சொன்னவன்."

எப்போது என்று கேட்டேன். முக்கால் மணி இருக்கும், சோற்றுக்கு உலை வைத்த கையோடு, என்றாள். எண்ணிப் பார்த்தேன், முற்றத்து விளக்கு எரிந்த நேரம். சொல்லாமல் இருந்திருக்கலாம். நாற்பது வருடத்துக்கு முந்திக் கலியாணம் கட்டிய மனிசிக்கு முன்னால் முகத்தை வைத்திருக்கத் தெரிய வேண்டுமே. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"செத்தவைக்குப் பாடுற பாட்டிலையோ என்ரை பிள்ளையின்ரை பேரைக் குடுத்தனீங்கள்?"

"பழக்கம் பாக்கத்தான்..."

"அவனுக்கு அது தெரியுமோ? கூப்பிட்டவுடனை வந்திருக்கிறான், மடையன். ஆர் கூப்பிடுகினம் எண்டு கேக்காமல்." அழவில்லை. "போய்த் திருப்பி எடுங்கோ."

"பாடினதை எப்பிடியப்பா திருப்பி எடுக்கிறது?"

"எனக்குத் தெரியாது. குடுத்த ஆள்தான் எடுக்கோணும்."

அந்தக் கிழமை முழுக்க வீட்டுக் கதவை அவள் பூட்ட விடவில்லை. லிப்ட் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பாள். ஷாமினி சென் தெனியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள், அங்கேயே இருக்கிறாள். வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினாள். பிரெஞ்சில்தான் பேசினாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. வெறும் ஒத்திகை, வெறும் சத்தம், அம்மாவுக்கு ஏன் சொன்னீர்கள் என்றாள். பிறகு சமையலறையில் என்னை மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அண்ணாவின்ரை குரல் எப்பிடி இருக்கும், அப்பா? எனக்கு ஞாபகம் இல்லை."

சொல்லப் பார்த்தேன். குரலை எப்படிச் சொல்வது? கொஞ்சம் கரகரப்பு என்றேன். எல்லோருக்கும் அப்படித்தானே.

5

வியாழக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். அல்பேர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஷாமினி எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னாள். நவோமி ஓடி வந்தாள். "எனக்குத் தெரியாது, மதாம், அது மகன்ரை பேர் எண்டு..." என்று பாக்கியத்தின் கையைப் பிடித்தாள். பாக்கியம் கையைக் கொடுத்தபடி அல்பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் பெரியவர் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அல்பேர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார், அவர் சொல்லச் சொல்ல ஷாமினி தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

"செத்தவரைத் தேப்பன்ரை பேரோடை கூப்பிடுவம்" என்றார். "உயிரோடை இருக்கிற ஆள், வருத்தமாய் இருக்கிறார், ஆபத்திலை இருக்கிறார் எண்டால், அதுக்கு வேறை பாட்டு. அதிலை தாயின்ரை பேர்தான் சொல்லோணும். தாய் ஆரெண்டதிலை பிழை வராதுதானே. உங்கடை பேர் என்ன, மதாம்?"

"பாக்கியம்."

"பாடினதை எடுக்க எனக்குத் தெரியாது. இதை அதுக்கு மேலை பாடலாம். நீங்கள் எங்கடை ஆக்கள் இல்லை, பாடலாமோ எண்டு எங்கடை பெரியாக்களைக் கேட்டால் ஏதும் சொல்லுவினம். நான் கேக்கப்போறதில்லை."

எழும்பி நின்று பாடினார்கள். மற்றப் பாட்டைப் போல அது கீழே இழுக்கவில்லை. வாசலில் நின்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வெளிச்சமாக இருந்தது. சிவநேசன், பாக்கியத்தின் மகன். பாக்கியம் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சரித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்தது. பக்கத்துச் சுவரில் எங்கோ தண்ணீர்க் குழாய் இரைந்து நின்றது.

"இன்னொருக்கால்" என்றாள்.

இன்னொருமுறை பாடினார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டை அல்ல, பாட்டுக்கு அப்பால் கேட்டாள். அது முடிந்த பிறகும் அப்படியே நின்றாள். பின் வரிசைக் கிழவி மூக்கைத் துடைத்தாள். பாக்கியம் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"பிள்ளை, இவருக்குச் சொல்லு, மற்றதைப் பாடச் சொல்லி."

"எதை?"

"அண்டைக்குப் பாடினதை."

ஷாமினி பிரெஞ்சை விட்டுவிட்டாள். "அம்மா, தெரிஞ்சுதான் சொல்லுறீங்களோ?"

"என்ரை பேருக்கு அவன் வரேல்லை. கொப்பற்றை பேருக்கு வந்தவன்." அல்பேரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப எங்கை நிக்கிறான் எண்டு தெரியுதுதானே."

ஷாமினியால் அதைப் பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன், என்னுடைய கோப்பை கழுவுகிற பிரெஞ்சில். அல்பேருக்கு விளங்கியது. அவர் பாக்கியத்தின் முன்னால் வந்து நின்றார்.

"பழக்கம் பாக்க நான் இதைப் பாடமாட்டன், மதாம். பாடினால் உண்மையாய்த்தான். பிறகு எடுக்கேலாது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். "ஓம்" என்றாள் பாக்கியம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆண்கள் தலையில் சின்னத் தொப்பிகளை வைத்தார்கள். நான் என் கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டேன். அல்பேர் தொடங்கினார். அடியில் முனகல் எழும்பியது. அந்த இடம் வந்தது, எல்லாம் நின்றது. அவர் பெயரைச் சொல்லவில்லை. பாக்கியத்தைப் பார்த்தார்.

"சிவநேசன்" என்றாள்.

அவர் காத்திருந்தார். தகப்பன் பெயரும் வேண்டுமே. எங்கள் ஊரில் அவள் வயதுப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வைத்தியசாலையில் கேட்டாலும் பிள்ளையைக் காட்டி 'இவன்ரை தேப்பன்' என்பார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவளுக்கு 'இஞ்சருங்கோ' மட்டும்தான். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையால் என்னைத் தடுத்தாள்.

"நடராசா" என்றாள்.

அல்பேர் இரண்டு பெயரையும் அவளிடமிருந்து வாங்கிப் பாட்டில் வைத்தார். முப்பது பேரும் ஒருவர் முந்தாமல், ஒருவர் பிந்தாமல் உள்ளே வந்தார்கள். பாக்கியம் பாட்டு முடியும் முன்பே பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டாள்.

6

ஷாமினி எங்களோடு ரயிலில் வந்து, தாயின் பையை மடியில் வைத்திருந்து, சென் தெனியில் இறங்கினாள். இறங்கும்போது "போட்டு வாறன் அம்மா" என்று தமிழில் சொன்னாள். அதன் பிறகு எங்கள் பெட்டியில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"கேட்டதோ?"

"ம்."

"ஓய் எண்டவனோ?"

"இல்லை. இந்தமுறை ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லேல்லை. ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டவன்." சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "தனிய இல்லை. கனபேர் நிண்டவை. வயசான ஆக்களும் சின்னன்களும். எல்லாரும் குளிர் உடுப்போடை, பெட்டியளோடை."

"எங்கடை ஆக்களோ?"

"இல்லை. அவையின்ரை ஆக்கள்."

ரயில் ஸ்தேனில் நின்றது. கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. ஒருவரும் ஏறவில்லை, கதவு மூடியது. பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன்.

"இஞ்சருங்கோ, அவையின்ரை பாஷை அவனுக்கு விளங்குமோ?"

"நாங்கள் இஞ்சை வரேக்கை எங்களுக்கு என்ன விளங்கினது?" என்றேன். "கெட்டிக்காரப் பிள்ளை. பழகிடுவான்."

அவள் விரலில் சுற்றிய சீலைத் தலைப்பை அவிழ்த்தாள்.

"ஓம்" என்றாள். "சின்னனிலையே எல்லாரோடையும் ஒட்டுவான்."